நாலு பேருதான் சார்

அதிகாரியின் ஜீப் தாயில்பட்டி விலக்கில் திரும்பிவிட்டது என்று போன் வந்தால், போர்மேன் நாகையா முதலில் தேடுவது கற்பகவல்லியைத்தான். ரிஜிஸ்டர், தண்ணித் தொட்டி, மணல் வாளி எல்லாம் அப்புறம். "ஏலே, கற்பகத்தக் கூப்பிடு. முன்னால வந்து நிக்கச் சொல்லு" என்று ஒரு சத்தம் போடுவார். அவளும் கையில் ஒட்டிய மருந்துத் தூளைத் தட்டிவிட்டு, தலைமுடியை இரண்டு கையாலும் அள்ளி ஒரே சுற்றில் கொண்டை போட்டுக்கொண்டு, வாசல் வேப்பமரத்தடியில் வந்து நிற்பாள்.

அந்தப் பட்டாசுக் கம்பெனியில் அவளுக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. கை வேகம் சுமார்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பதில் சொல்கிற வேகம் இருக்கிறதே, அது அந்த வட்டாரத்தில் யாருக்கும் வராது.

"ரூமுக்கு எத்தன பேரும்மா?"

"நாலு பேருதான் சார்."

"மத்தியான வெயில்ல வேல உண்டா?"

"கிடையாது சார். உள்ளயே விடமாட்டாக."

"மரத்தடியில வச்சு மருந்து அடைக்கிறது?"

"அய்யய்யோ, அதெல்லாம் இங்கன கிடையவே கிடையாது சார்."

ஒரு திக்கல் கிடையாது, ஒரு முழி முழிக்கிறது கிடையாது. மரத்தடியில் அடைத்த சட்டிகளைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு அதன்மேல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அது வேறு விஷயம். புதிதாக வருகிற பெண்களுக்கு இந்தப் பதில்களைச் சொல்லிக் கொடுப்பதும் கற்பகவல்லிதான். "இங்க பாரு புள்ள. அவுக பேனாவத் தொறந்தாச்சுன்னா உனக்குக் கஷ்டம்ங்கிற ஒண்ணே கிடையாது. ஒரு வரி தப்பா எளுதிட்டாகன்னா கம்பெனிக்குச் சீல். எப்ப சார் தொறப்பீகன்னு கேட்டா, அப்புறம்னு சொல்லுவாக. அதிகாரி வாயில அப்புறம்னு வந்தா, கிடையாதுன்னு அர்த்தம்."

இதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை. சத்தியமாகத்தான். பக்கத்துக் கம்பெனிக்கு ஒரு தடவை சீல் வைத்து, அந்தத் தெருவே இரண்டு சீசன் அடுப்பு எரியாமல் கிடந்ததைப் பார்த்தவள். மருந்து அடைப்பது ஒரு வேலை என்றால் பதில் சொல்வது இன்னொரு வேலை. அவ்வளவுதான் அவளுக்கு.

போன வருஷம் பங்குனியில், "நாலு பேருதான் சார்" என்று சொல்லி அனுப்பிய பதினோராம் நாள், அவளுடைய ரூம் வெடித்தது. வடக்கே ஏதோ கல்யாண சீசன், அவசர ஆர்டர். அன்றைக்கு அந்த ரூமில் ஏழு பேர். பேரேட்டில் இல்லாத மூன்று பேரும் அங்கேயே போய்விட்டார்கள். கற்பகவல்லி வாசல் ஓரம் உட்கார்ந்திருந்தாள், உயிரோடு வெளியே விழுந்தாள். இடது பக்கம் முழுக்க வெந்துவிட்டது. இடது மார்பு சுத்தமாகப் போய்விட்டது. தொடையிலிருந்து தோலை எடுத்து நெஞ்சில் ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் எரியும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

நாலாம் நாள் நாகையா இளநீரோடு வந்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை நிஜமான அழுகைதான், மனுஷனைக் குறை சொல்ல முடியாது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தாயி, நாளைக்கு விசாரணைக்கு வாராக" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் அதிகாரி வந்து பேனாவைத் திறந்தார்.

"ரூம்ல எத்தன பேரும்மா இருந்தீங்க?"

"நாலு பேருதான் சார்."

"அப்ப அந்த மூணு பேரு?"

"அவுக வெளிய நின்னாக சார்."

பாதி உடம்பு வெந்து கிடக்கிறது, உதட்டில் ஈ மொய்க்கிறது, அப்போதும் ஒரு திக்கல் இல்லை. செத்த மூன்று பேரும் கம்பெனி வேலையாக உள்ளே இருந்தவர்கள் இல்லை, வெளியே சும்மா நின்றவர்கள் என்று காகிதத்தில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு புண் ஆறியது. ஆற ஆறத் தோல் சுருங்கியது. இடது கை விலாவோடு இறுகிப்போய், தோளுக்கு மேல் ஏறமாட்டேன் என்றது. ஒற்றைக் கையால் சமைத்துவிடலாம், துவைத்துவிடலாம். கொண்டை மட்டும் போட முடியாது. புருஷன் பெத்தணன்தான் தினம் காலையில் ஆலங்குளத்துக்குக் கல் லோடு ஏற்றப் போகும்முன் அவளை முன்னால் உட்காரவைத்துத் தலை சீவுவான். அவன் போடுகிற கொண்டை அவன் வாசல் தாண்டும் முன்னே அவிழ்ந்துவிடும். "லோடு கட்டத் தெரியுது, ஒரு மயித்தக் கட்டத் தெரியலயா ஒனக்கு?" என்று கத்துவாள். அவன் மறுபடி அவிழ்த்துச் சுற்றுவான். அவன் போன பிறகு உட்கார்ந்து அழுவாள். ரவிக்கையின் இடது பக்கத்தில் பழைய வேட்டித் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்வாள். ஒருநாள் சாத்தூர் பஸ்ஸில் அது நழுவி இடுப்புக்கு இறங்கிவிட்டது. கண்டக்டர் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். அதோடு வெளியே போவதை நிறுத்தினாள். சோறு வெந்தால் கந்தக வாடை அடித்தது. தூக்கம் என்பதே இல்லை. யார் வந்து எப்படி இருக்கீக என்று கேட்டாலும், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றாள்.

இப்படி இருக்கையில்தான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. தீயில் வெந்த பெண்களுக்கு இறுகின தோலை விடுவித்து, முதுகுச் சதையைத் திருப்பிக் கொண்டுவந்து மார்பு அமைத்துத் தருவார்களாம். அது ஓர் ஆராய்ச்சி. ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் அந்தப் பெண்களின் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வார்களாம். பெத்தணன்தான், "போயிட்டு வா. கை ஏறுனாப் போதும்" என்றான். கை ஏற வேண்டும், தன் கொண்டையைத் தானே போட வேண்டும். கற்பகவல்லிக்கு அதற்கு மேல் ஒரு ஆசையும் இல்லை. அதற்காக எதையும் சொல்லத் தயாராக இருந்தாள்.

மதுரை வார்டில் கேள்வி கேட்கிற பெண்ணின் பெயர் சுமைரா. விருதுநகர்க்காரி, அப்பா எண்ணெய் வியாபாரம். மனசு சம்பந்தமான படிப்பு படித்துவிட்டு இந்த ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்தவள். திரையை இழுத்துவிட்டுத் தணிந்த குரலில்தான் கேட்பாள். திரை துணிதானே, சத்தத்தை மறைக்குமா? கற்பகவல்லி தன் கட்டிலில் படுத்துக்கொண்டே, பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்ட பதினோரு கேள்வியையும் வரிசை பிசகாமல் மனப்பாடம் செய்துவிட்டாள்.

அந்தப் பக்கத்துக் கட்டில்காரி மூன்றாம் கேள்வியிலேயே ஓவென்று அழுதுவிட்டாள். மறுநாள் அவளுடைய ஆபரேஷன் தேதியை அடித்துவிட்டார்கள். "மொதல்ல மனசுக்கு மருந்து எடுத்துக்கோங்கக்கா. கொஞ்சம் தெளிஞ்சதும் கட்டாயம் ஆபரேஷன் உண்டு. அப்புறம் பண்ணுவாக" என்று சுமைரா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நல்லவிதமாகத்தான் சொன்னாள். கற்பகவல்லியின் காதில் 'அப்புறம்' மட்டும்தான் விழுந்தது. சீல் வைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டாள்.

எதிர்க் கட்டிலில் ஐஸ்வர்யா. இருபத்திமூன்று வயசு. சிவகாசிப் பக்கம் வேறொரு கம்பெனியில் வெந்தவள். புருஷன் அருள்பாண்டி காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறான். ஒன்றரை வயசில் ஹர்ஷினி என்று ஒரு பெண் குழந்தை. நெஞ்சுத் தோல் சுருங்கி மோவாயைக் கீழே இழுத்துவிட்டதால் ஐஸ்வர்யா நிமிர்ந்து எதையும் பார்க்க முடியாது. இரண்டு மார்பும் கருகியபோது பால்குடி மறக்காத பிள்ளை. அந்த வார்டில் அவள் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் கற்பகவல்லி.

சுமைரா இவர்கள் இருவரிடமும் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்துவிட்டு, கற்பகவல்லி ஐஸ்வர்யாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"ஏ ஐசு, நாளைக்கு ஒன்னக் கேப்பாக. என்ன சொல்லுவ? தூக்கம் வருதான்னு கேட்டா?"

"தூங்குனா எரியிதுக்கா. அதான் தூங்குறதில்ல."

"நாசமாப் போச்சு. நல்லாத் தூங்குறேன்னு சொல்லணும். சாப்பாடு?"

"சோத்துல மருந்து வாசம் அடிக்கி."

அது கற்பகவல்லிக்கும் அடிக்கிற வாசம். "வயிறாரச் சாப்பிடுறேன்னு சொல்லு. பிள்ளையப் பாத்தா சந்தோசமா இருக்கான்னு கேப்பாக."

"யாரு பிள்ளையோ மாதிரி இருக்குக்கா."

"அடிப்பாவி! எம் பிள்ளதான் எனக்கு உசுருன்னு சொல்லு." இப்படியே ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தாள். பத்தாம் கேள்வி. "ஒன் உடம்பு ஒன்னோடது மாதிரி இருக்கான்னு ஒண்ணு கேப்பாக."

ஐஸ்வர்யா குனிந்த தலையோடு தன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள். "தொடையில இருந்து எடுத்து ஒட்டுனாகள்ல, அந்தத் தோலுக்கு இங்கன இருக்கப் பிடிக்கலக்கா. எறக்கி விடு, எறக்கி விடுன்னு அளுவுது. எனக்குக் கேக்குது."

இது வேறு மாதிரி இருக்கிறதே, அந்தச் சுமைராப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று நினைத்துக் கற்பகவல்லி எழுந்தும் விட்டாள். எதிர் வரிசையில், தேதி அடிபட்ட பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கற்பகவல்லி திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அப்படியெல்லாம் வெளிய சொல்லப்பிடாது புள்ள. ஆபரேஷன் கிடையாதுன்னுருவாக. அருள்பாண்டி வந்து என்னத்தக் கூட்டிட்டுப் போவான்? நிமிந்து ஒம் பிள்ள மூஞ்சியப் பாக்க வேண்டாமா? 'எம் உடம்பு என்னோடதுதான், ஒரு குறையும் இல்ல.' எங்க சொல்லு."

ஐஸ்வர்யா சொன்னாள். சரியாக வரவில்லை. மூன்று தடவை சொல்லவைத்தாள். மூன்றாம் தடவை ஒரு திக்கல் இல்லாமல் வந்தது. "இது போதும்" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். கம்பெனியில் எத்தனையோ பெண்களைத் தேற்றிவிட்டவள், இந்தப் பிள்ளையும் தேறிவிட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட.

மறுநாள் கேள்வியில் இரண்டு பேருமே தேறினார்கள். கற்பகவல்லிக்கு மட்டும் ரத்தம் கம்மியாக இருந்தது. இரண்டு மாசம் பேரீச்சம்பழமும் கீரையும் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி மாத்திரையோடு அனுப்பினார்கள். ஐஸ்வர்யாவை அந்த வாரமே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது கற்பகவல்லியைப் பார்த்து, ஒப்பிப்பதுபோல, "ஒரு குறையும் இல்லக்கா" என்று சிரித்தாள்.

நாற்பது நாள் கழித்து, கற்பகவல்லி ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போய் மாவிளக்கு வைத்துவிட்டுத் திரும்பி வருகிற வழியில் அருள்பாண்டி போன் செய்தான். "யக்கா, ஐசு போயிட்டா."

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்ததாம். கழுத்து நிமிர்ந்துவிட்டதாம். ஐந்தாம் நாள் நர்ஸ் பார்க்காத நேரத்தில் கட்டைப் பிரித்து, ஒட்டின தோலை நகத்தால் பிய்த்து எடுத்துவிட்டாளாம். மறுபடி ஒட்டினார்கள். மறுபடி பிய்த்தாள். கையைக் கட்டிப்போட்ட பிறகும் கட்டிலில் நெஞ்சைத் தேய்த்தாளாம். புண்ணில் சீழ் வைத்து ரத்தத்தில் கலந்துவிட்டது. மனநல டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இது எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும், முன்னாலேயே தெரிந்திருந்தால் இப்போது கத்தியே வைத்திருக்க மாட்டோம் என்றாராம். "முன்னாலயே தெரிஞ்சிருந்தான்னு சொல்றாகக்கா. எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலயே அவ. ஒங்ககிட்டயாச்சும் ஏதும் சொன்னாளா?" என்று அருள்பாண்டி அழுதான்.

"இல்லப்பா" என்றாள் கற்பகவல்லி. ஒரு திக்கல் இல்லாமல் வந்தது அதுவும். சொல்லி முடித்துவிட்டு அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். பிரசாதத் தேங்காய் உருண்டு சாக்கடைக்குப் போயிற்று.

ஆவணியில் மதுரைக்கு வரச்சொல்லிச் சீட்டு வந்தது. ரத்தம் ஏறியிருந்தது. புதன்கிழமை ஆபரேஷன் என்று எழுதினார்கள். பழைய பதில்கள் இரண்டு மாசத்துக்கு முந்தியவை என்பதால் மறுபடியும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று சுமைரா வந்து திரையை இழுத்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்புத் தட்டியிருந்தது.

"ஒடம்புக்கு என்னம்மா?" என்று கற்பகவல்லிதான் முதலில் கேட்டாள்.

"ஐஸ்வர்யா பாரத்த எடுத்து எடுத்துப் பாக்குறேன்க்கா. பதினோரு கேள்விக்கும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லியிருக்கா. இப்படிப்பட்ட ஒரு பிள்ள எனக்கு முன்னால உக்காந்து பதில் சொல்லியிருக்கு, எனக்குத் தெரியலன்னா நான் என்னத்தப் படிச்சேன்? ஒழுங்காக் கேட்டியான்னு பெரிய டாக்டரம்மா எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. ஒழுங்காத்தான் கேட்டேன்னு எழுத எனக்கே கை வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டு பாரத்தை எடுத்தாள். "சரி விடுங்க. உங்களுக்குப் பாப்போம். போன ரெண்டு வாரமாத் தூக்கம் எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத் தூங்குறேன்."

"சாப்பாடு?"

"வயிறாரச் சாப்பிடுறேன்."

வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. சுமைரா டிக் போட்டுக்கொண்டே போனாள். இன்னும் எட்டு டிக். புதன்கிழமை கை ஏறிவிடும். ஒரு மாசத்தில் கொண்டை போட்டுவிடலாம். பெத்தணனைத் திட்ட வேண்டியதில்லை. பத்தாம் கேள்வி வந்தது.

"உங்க உடம்பு உங்களோடதுதான்னு தோணுதாக்கா?"

"எம் உடம்பு என்னோடதுதான், ஒரு குறையும்..."

சுமைராவின் பேனா நின்றது. இந்த வரியை இதே வார்த்தைகளில் அவள் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள். கற்பகவல்லிக்கும் அது தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் நினைத்திருந்தால் சமாளித்திருக்கலாம். எத்தனை அதிகாரிகளைச் சமாளித்தவள்! "நல்லா இருக்கேம்மா" என்று இன்னொரு மாதிரிச் சொல்லியிருந்தால் முடிந்தது கதை. அவள் அந்தப் பிள்ளையின் கறுத்த கண்ணைப் பார்த்தாள்.

"எளுதிக்கோம்மா" என்றாள். "ஐசு எங்கிட்டச் சொன்னா. ஒனக்கு முன்னாடியே எங்கிட்டச் சொல்லிட்டா. தூங்குனா எரியிதுன்னா. சோத்துல மருந்து வாசம் அடிக்கின்னா. பிள்ளயப் பாத்தா யாரு பிள்ளையோன்னா. தோலு அளுவுதுன்னா. நாந்தான் ஒவ்வொண்ணாத் திருத்தி, மூணு தடவ சொல்லவச்சு ஒங்கிட்ட அனுப்புனேன். நீ ஒழுங்காத்தான் கேட்ட. டாக்டரம்மாகிட்ட அப்படியே எளுதிக்கொடு. நான் கையெழுத்துப் போடுறேன்."

சுமைரா எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று கற்பகவல்லி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும். சுமைரா, "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்புறம்னா கிடையாதுன்னு நெனச்சேம்மா. எங்களுக்கு அப்படித்தான்."

சுமைரா டிக் போட்ட பாரத்தைக் கிழித்தாள். புதுசாக ஒன்று எடுத்தாள். "இப்ப உங்களோடதக் கேக்குறேன். நெசத்தச் சொன்னா புதன்கிழமை ஆபரேஷன் நடக்காது, அதையும் சொல்லிருதேன். அப்புறம்தான் நடக்கும். எப்பன்னு எனக்குத் தெரியாது."

கற்பகவல்லி தன் இடது கையைப் பார்த்தாள். அது விலாவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. "கேளு" என்றாள்.

"தூக்கம் வருதாக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நாக்கு திக்கியது.

"ஏ... ஏழு பேரும்மா."

"என்னக்கா?"

"அன்னைக்கு அந்த ரூம்ல ஏழு பேரு இருந்தோம். நாலு பேரு இல்ல. அந்த மூணு பேரும் வெளிய நிக்கல. என் பக்கத்துல உக்காந்து சட்டி அடைச்சுக்கிட்டு இருந்தாக. கண்ண மூடுனா வந்து உக்காந்துக்கிடுதாக. இப்ப ஐசுவும் வாரா."

பாரத்தில் இதை எழுத இடமில்லை. நான்கு கட்டம்தான் இருந்தது, இல்லவே இல்லை என்பதிலிருந்து அநேகமாகத் தினமும் என்பது வரை. சுமைரா தினமும் என்கிற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். பிறகு காகிதத்தைத் திருப்பி வெறும் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டாள்.

"அவங்க பேரு சொல்லுங்கக்கா" என்றாள்.

"மாரித்தாய்" என்றாள் கற்பகவல்லி. "செல்லக்கனி. முத்துப்பேச்சி."